மூன்று முறை கூப்பிட வேண்டும்

மார்ச் 23, ஞாயிறு

ஜெபக்கனி மிஸ் இன்று ஆளுக்கு ஒரு பச்சை நோட்டு கொடுத்தார். எத்தனை பந்து எறிந்தோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம், என்ன சாப்பிட்டோம், மனதில் என்ன ஓடுகிறது என்று தினமும் எழுதி, சனிக்கிழமைதோறும் ஒப்படைக்க வேண்டுமாம். எறிதலும் தூக்கமும் சரி. மனதில் ஓடுவது கோச்சுக்கு எதற்கு? இந்த நோட்டுகள் நேராகப் பேஸ்பால் லீக்காரர்கள் கைக்குப் போகும் என்பது என் கணிப்பு. அதனால்தான் இந்த இரண்டாவது நோட்டு. ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. இது என் ட்ரங்குப் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில் இருக்கும்.

"நீ ஒன் நெழலயே திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நடக்கவ" என்பாள் அம்மா. பார்த்தால் என்ன நஷ்டம்?

அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்தில் மதுரைக் கல்லூரியோடு ஆட்டம். கொச்சி அணியிலிருந்து ஆள் பார்க்க ஒருவர் வருகிறார். ஏப்ரல் 24 அன்று டிராஃப்ட். லீக்கின் எட்டு அணிகளும் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆள் எடுத்துக்கொள்ளும். என் பெயர் வந்தால் பேஸ்பாலே என் வேலை. வராவிட்டால் ஜூன் மாதம் மாமா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 'அட்டென்ஷன்' என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகு என்னை யாரும் ஒரு பந்தின் பின்னால் ஓடவிட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மில்லில் சங்கு ஊதுவதில்லை. அதனால் விடுதியில் எட்டு மணிவரை ஒருத்தியும் எழவில்லை. நான் எழுந்து சாக்ஸ் துவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும் கரிசல் மண் போகவில்லை.

மார்ச் 26, புதன்

அம்மா போன் செய்தாள். "அவுட்ஃபீல்டுன்னா என்னட்டி? வெளிய நிக்கதா? ஒன்னய உள்ள சேத்துக்க மாட்டாங்களா?"

பேட்டர் தூக்கி அடிக்கும் பந்து தரையில் விழுமுன் பிடிப்பதற்குப் பின்னால் மூன்று பேர் நிற்போம், இடதுபக்கம் நான், நடுவில் ஈஸ்வரி என்று சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடுனா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் சண்டை எங்கே வரும் என்று தெரியும்.

அதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. பந்து தனக்கு என்று நினைப்பவள் "என்து, என்து, என்து" என்று மூன்று தரம் கத்த வேண்டும். மற்றவள் "ஒன்து" என்று ஒரு தரம் பதில் சொல்லி, நின்ற இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றிவிட வேண்டும். இருவரும் சேர்ந்து கத்தினால் நடுவில் நிற்பவள் சொல்லே சொல். மிஸ் இதை எங்கள் காதில் மூன்று வருடமாக ஓதுகிறார். பதில் சொல்லாமல் ஓடியவளை ஒரு வாரம் உட்கார வைத்திருக்கிறார்.

ஈஸ்வரி என்றால் சௌடேஸ்வரி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி, முதல் வருடத்திலிருந்து என் அறைக்காரி. இன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பந்து மட்டையில் படுவதற்கு முன்பே குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லிக் கொடுத்தாள். "ஏம்புள்ள, அரை அடி மிச்சமாகும் பாரு" என்றாள். மிச்சமாயிற்று. ஆனால் எதற்குச் சொல்லிக் கொடுக்கிறாள்? சின்னக் கல்லூரி, இங்கிருந்து ஒருத்தியை எடுத்தாலே அதிசயம் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்குமோ?

எறிதல் 45. தூக்கம் ஏழு மணி நேரம். முட்டை ஒன்று; மற்றவர்களுக்கு வைத்ததைவிடச் சின்னது.

மார்ச் 30, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

ஈஸ்வரிக்கு வலது காறை எலும்பு முறிந்துவிட்டது. அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் மில் சங்கு ஊதியது.

மார்ச் 31, திங்கள்

நேற்று முழுதாக எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

ஏழாவது இன்னிங்ஸ். எங்கள் அணிக்கு ஒரு ஓட்டம்தான் கூடுதல். பந்து எனக்கும் ஈஸ்வரிக்கும் நடுவில் உயரப் போனது. நான் குதிகால் தூக்கி நின்றதால் முதல் அடியே நன்றாக விழுந்தது. பந்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பாய்ந்தேன். கிளவுஸில் பந்து விழுந்ததும் என் தலை எதிலோ மோதியது. எழுந்து பந்தைத் தூக்கிக் காட்டினேன். பெவிலியன் பக்கம் ஒரே விசில். அப்புறம்தான் ஈஸ்வரி கீழே கிடந்ததைப் பார்த்தேன்.

தொப்பிக்காரர் இறங்கி வந்தார். கொச்சியிலிருந்து ஆள் பார்க்க வந்தவர். ஹரிஹரசுதன் என்று பெயர், நிழலிலும் தொப்பியைக் கழற்றவில்லை. "செம கேட்ச்மா. இந்த வெறிதான் வேணும்" என்றார். அவரையும் நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. ஆம்புலன்ஸ் அப்போது கேட்டைத் தாண்டியிருக்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மிஸ் கேட்டார்: "பேச்சி, அவ கூப்பிட்டாளா?"

"சங்கு ஊதிச்சு மிஸ். கூப்பிட்ட மாரித் தெரியல."

"சங்கா?"

"ஆமா மிஸ்."

"தெரியலயா, கூப்பிடலயா? காயம் எப்படிப் பட்டுச்சுன்னு லீக்குக்கு ஃபார்ம் அனுப்பணும். ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்."

"கூப்பிடல மிஸ்."

மிஸ் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? தூரத்தில் நின்ற வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஈஸ்வரியிடமும் கேட்டிருக்கிறார். "நெனப்பில்லீங் மிஸ்" என்று சொல்லிவிட்டாளாம். நினைப்பில்லாமல் எப்படிப் போகும்? அடிபட்டது தோளில்தானே, தலையில் இல்லையே.

ஏப்ரல் 2, புதன்

என் கேட்ச் வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. யாரோ ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து, நான் பாயும் இடத்தில் மெதுவாக ஓடவிட்டிருக்கிறார்கள். தம்பி பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்ட, அவள் "கீழ விழுந்து கெடக்கது யாரு?" என்று கேட்டாளாம்.

இதை எடுத்தவர் ஸ்கோர் எழுதும் கலைவாணி அக்கா. அன்றைக்கு இடதுபக்கக் கயிற்றோரம் நின்றிருந்தார், எங்களுக்கு மிகப் பக்கத்தில். பாட்டு இல்லாத அசல் எங்கே என்று கேட்டேன்.

"ஒருத்தங்க வாங்கிக்கிட்டாங்க. எங்கிட்ட இருக்கத அழிக்கச் சொன்னாங்க, அழிச்சிட்டேன்."

"யாருக்கா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காங்க பேச்சி."

சத்தியம் வாங்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? யார் அது? மிஸ்ஸா? மதுரைக்காரிகளா? கலைவாணி அக்கா சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 5, சனி

பச்சை நோட்டை ஒப்படைத்தேன். ஞாயிறு பக்கத்தில் 'எறிதல் 20, தூக்கம் 5 மணி, பிரியாணி' என்று எழுதியிருந்தேன். சாயங்காலம் அது திரும்பி வந்தபோது மிஸ் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "அவ்வளவுதானா?"

பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி கொடுத்தார்கள். அதையும் எழுதியிருக்கலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஈஸ்வரி விடுதிக்கு வந்துவிட்டாள். ஊருக்குப் போகச் சொன்னால் பரீட்சை இருக்கிறது என்கிறாள். கையைத் தூக்க முடியாததால் தலை பின்னிவிட ஆள் வேண்டும். அறையில் இருப்பவள் நான்தானே. காலையில் அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துப் பின்னினேன். நல்ல அடர்த்தியான முடி, கைக்குள் அடங்கவில்லை.

"தலைய ஆட்டாதட்டி."

"நீ இழுக்கறதுக்கு ஆடாம என்ன பண்ணும்?"

வலிக்கிறதா என்று கேட்டேன். "போச்சாது போ" என்றாள்; பரவாயில்லை என்பதற்கு அவள் ஊர்ப் பேச்சு. அப்புறம் எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சிட்டு" என்றேன். "அவ்வளவுதானா?" என்றாள்.

மிஸ் எழுதிய அதே வார்த்தை. இரண்டு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்களா?

ஏப்ரல் 10, வியாழன்

பின்னிக்கொண்டே, அவள் போனைத் திறக்கும் கோலத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். மேலிருந்து கீழே வந்து வலதுபக்கம் திரும்புகிறது. பின்னால் நிற்பவளுக்குத் தானாகத் தெரிவதுதான். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு ஈஸ்வரி தூங்கினாள். போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் சந்தேகப்பட்டது சரி. அசல் அவளிடம்தான் இருந்தது. மார்ச் 30, நாற்பத்தொரு வினாடி. துணி காயப்போடும் இடத்துக்கு எடுத்துப் போய், போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். பாட்டு இல்லை. சத்தம் தெளிவாக இருக்கிறது. மில் சங்கு அதில் பதியவில்லை. அது தூரத்துச் சத்தம், எல்லாச் சங்கும் எல்லாப் போனிலும் பதிந்துவிடாது.

இதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். டிராஃப்ட் அன்றைக்கு நாலு பேர் முன்னால் போட்டுக் காட்டத்தானே? மூன்று வருடம் ஒரே பக்கெட்டில் துணி துவைத்தவள். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

அதை இனி யாரும் பார்க்க முடியாது. குப்பைத்தொட்டி என்று ஒன்று போனுக்குள் இருக்கிறதே, அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டேன்.

போனை இருந்த இடத்தில் வைத்தேன். காய்ந்த துணிகளை மடித்தேன். அவளுடையதையும் சேர்த்து.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மெஸ்ஸில் வேப்பம்பூப் பச்சடி. எனக்கு மட்டும் பூ அதிகமாக விழுந்திருந்தது. பரிமாறிய அக்கா வேண்டுமென்றே போட்டாரா?

ஏப்ரல் 15, செவ்வாய்

தொப்பிக்காரர் போன் செய்தார்.

"பாட்டு இல்லாத வீடியோ இருக்காம்மா? எங்க கோச் கேக்குறாரு."

"இல்ல சார். அழிஞ்சு போச்சு."

இது உண்மை. பொய் சொல்லவில்லை.

"பரவால்ல, நான்தான் நேர்லயே பாத்தேனே. ஆமா, அந்த சென்டர் பொண்ணு கூப்பிடாமயே ஓடுச்சாமே? உங்க காலேஜ்ல சொன்னாங்க. நல்லா ஓடுற பொண்ணு, பாவம். ஆனா கூப்பிடாத சென்டர எந்த டீமும் தொடமாட்டான். மத்தவங்க எலும்புக்கு யார் பொறுப்பு? அந்த ஃபார்ம் வந்துட்டா அடுத்த வருஷமும் அதுக்குக் கஷ்டம்தான்."

"சரி சார்" என்றேன்.

வேறென்ன சொல்வது? அவர் என் வாயைக் கிளறிப் பார்க்கிறார். இந்த ஆட்களே அப்படித்தான், ஒன்றைச் சொல்லி இன்னொன்றைப் பிடுங்குவார்கள். அடுத்த வருடம் என்பது அடுத்த வருடம். ஈஸ்வரி மேல்படிப்புக்கு இங்கேயே சேரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் என்னென்னவோ நடக்கலாம்.

எறிதல் 60. பாதிக்கு மேல் குறி தப்பியது.

ஏப்ரல் 19, சனி

பச்சை நோட்டில் மிஸ்: "தூக்கம் 3 மணி, 4 மணி என்று எழுதுகிறாய். மனதில் ஓடுவது என்ற இடம் நான்கு வாரமாகக் காலி. காய ஃபார்மை மாதக் கடைசியில் அனுப்புவேன். பேச வேண்டுமென்றால் அறைக்கு வா."

போகவில்லை. எனக்கு வலை விரிக்கிறார்.

தினமும் பின்னுகிறேன். அவள் போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

கொச்சி அணி. மூன்றாவது சுற்று. 'முத்துப்பேச்சி, லெஃப்ட் ஃபீல்ட்.'

கருத்தரங்கு அறையில் பெரிய திரை போட்டிருந்தார்கள். இரண்டு சுற்று போனது, என் பெயர் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுந்து போக இருந்தேன். அப்போதுதான் கூப்பிட்டார்கள். திரையில் அந்த வீடியோ, அந்தக் குத்துப்பாட்டு. எல்லாரும் கத்தினார்கள். கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் இருந்த ஈஸ்வரியால் கைதட்ட முடியவில்லை. இடதுகையால் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். போனில் அம்மா அழுதாள். மாமா, டீச்சர் வேலையை வேறு ஆளுக்குச் சொல்லிவிடவா என்று கேட்டார்.

எல்லாரும் கேக் வெட்டப் போனபிறகு ஈஸ்வரி வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"பாட்டு நல்லாருந்துச்சா புள்ள?"

"எந்தப் பாட்டு?"

"வீடியோல. நாந்தான் போட்டேன். ஆஸ்பத்திரில படுத்துட்டு, ஒத்தக் கையில."

எதற்கு என்று கேட்டேன்.

"நான் கூப்புட்டது அதுல கேக்குதல்ல. கேட்டா அந்த ஆளு உன்னய எடுப்பானா? நம்ம ரெண்டு பேர்த்துல எனக்கு எலும்பு போச்சு. ஒருத்தியாவது போகட்டும்னு அன்னிக்குத் தோணுச்சு."

சங்கு ஊதியது என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம மில்லு சங்கு எங்கிருந்து புள்ள ஊதும்? மூணு வருசமா அன்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கறோம்."

அறைக்குள் யாரோ கேக் சாப்பிட என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"போன்ல இருந்தத நீ அழிச்சதுந் தெரியும். நான் தூங்கல. அழிச்சுட்டு வந்து சொல்லுவேன்னு பாத்தேன். என் துணிய மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டே." இடதுகையால் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தெனமும் காலைல உங்கிட்டத் தலையக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன், பேச்சி. இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு. பின்னல் மட்டுந்தான் வந்துச்சு."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போ, கேக்குத் தீந்துரும்" என்றாள். "அடுத்த வருசம் நானும் வருவனல்ல. எலும்பு கூடிட்டு வருதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப பாத்துக்கலாம்."

அடுத்த வருடம்.

அவளுக்குத் தெரியாது. தொப்பிக்காரர் சொன்னதும் தெரியாது, மிஸ்ஸின் ஃபார்மில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். 'சரி சார்' என்று சொன்னவள் நான்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

இத்தனை நாளும் யார் யாரையோ சந்தேகப்பட்டு இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். மிஸ், ஈஸ்வரி, கலைவாணி அக்கா, தொப்பிக்காரர், மெஸ்ஸில் முட்டை வைப்பவர், மதுரைக்காரிகள். இன்று முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். ஒருத்தியைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

வீடியோ இல்லை. கலைவாணி அக்கா சத்தியத்தை மீற மாட்டார். ஈஸ்வரி சொல்ல மாட்டாள். நான் வாயைத் திறக்காவிட்டால் எவராலும் எதையும் நிரூபிக்க முடியாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே இதை நினைத்தேன், தைரியமாக இருந்தது. பிறகு ஈஸ்வரி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். நேற்று அவ்வளவு நடந்தும் தலையைக் கொடுக்கிறாள். பின்னலை மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன்.

பச்சை நோட்டை நாளைக்குத்தான் கொடுக்க வேண்டும். மிஸ் இப்போது அறையில்தான் இருக்கிறார், விளக்கு எரிகிறது. கொச்சிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கையெழுத்து வாங்காமலே திருப்பி அனுப்பலாம். மாமா அந்த வேலையை இன்னும் யாருக்கும் சொல்லாமல் இருந்தால் நல்லது. பயமாக இருக்கிறது.

பச்சை நோட்டில் எழுதியதை இங்கே அப்படியே நகல் எடுத்து வைக்கிறேன். கொடுத்த பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

'எறிதல்: இல்லை. தூக்கம்: இல்லை. சாப்பாடு: காலையில் இரண்டு இட்லி.

மனதில் ஓடுவது: மார்ச் 30, ஏழாவது இன்னிங்ஸ். மில் சங்கு ஊதவில்லை. சௌடேஸ்வரி மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றும் எனக்குக் கேட்டது. முதல் தடவையிலேயே நான் முழங்காலை ஊன்றியிருக்க வேண்டும். தொப்பி போட்டவர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஓடினேன். வீடியோவை அழித்ததும் நான்தான். ஃபார்மில் இதை எழுதி அனுப்புங்கள் மிஸ். அவளுக்கு நான் அன்றைக்குச் சொல்லாத பதிலையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்து, ஈஸ்வரி.'